வெளிநாட்டுப் பயிற்சி: பெட்டி கட்டுமுன் பார்க்க வேண்டியவை

(நமது கொல்கத்தா நிருபர்)

சென்ற மாதம் ஒரு நாள் மதிய இடைவேளையில் சக குமாஸ்தா ஒருவர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். ஓட்டல் நிர்வாகம் படிக்கும் அவருடைய மகனுக்கு வந்த கடிதம். தென்கிழக்காசியாவில் உள்ள ஒரு சுற்றுலா நகரில் ஆறு மாதப் பயிற்சிக்குப் பையன் தேர்வாகியிருப்பதாகவும், பதிவுக் கட்டணம் 85,000 ரூபாயைப் பத்து நாளில் கட்டிவிட வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. முன்பணமாக 15,000 ரூபாயை, வீட்டு நகையை அடகு வைத்து, ஏற்கெனவே அவர் கட்டிவிட்டார். "பேப்பருக்கு எழுதுகிறவர் ஆயிற்றே சார், ஒரு தடவை படித்துப் பாருங்கள்" என்றார்.

படித்தேன். தலைப்பில் வண்ணச் சின்னம் இருந்தது. அடியில் கையெழுத்து இருந்தது. பையன் எந்த ஓட்டலில், எந்தப் பிரிவில், யாரிடம் பயில்வான், நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை, மாத உதவித்தொகை எவ்வளவு, தங்குமிடம் யார் பொறுப்பு என்ற விவரம் ஒன்றும் இல்லை. எந்த விசாவில் போகிறான் என்பதும் இல்லை. கேட்டதற்கு, "போய்ச் சேர்ந்ததும் எல்லாம் ஏற்பாடு ஆகிவிடும் என்று சொன்னார்கள் சார்" என்றார் நண்பர்.

இப்படிக் கடிதத்தோடு என்னிடம் வந்தவர் இவர் ஒருவர் மட்டும் அல்லர். ஆகவே இந்த விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் பயிற்சிக் காலம் என்பது மருத்துவம், பொறியியல் போன்ற சில படிப்புகளுக்குத்தான். இன்று நிலைமை வேறு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த மாற்றங்களால் பயிற்சி என்பது சாதாரணப் பட்டப்படிப்பிலும் ஓர் அங்கம் ஆகிவிட்டது. மேற்கு வங்கக் கல்லூரிகளில் 2023-24 கல்வியாண்டில் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. 'இண்டர்ன்ஷிப் எங்கே செய்யப் போகிறாய்?' என்ற கேள்வி நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் கேட்கப்படுகிறது. உள்ளூரில் செய்தால் போதும் என்றாலும், வெளிநாட்டில் செய்தால் நல்ல வேலைக்கு வழி என்ற எண்ணம் பெற்றோரிடம் வேரூன்றிவிட்டது. எண்ணத்தில் தவறில்லை. ஏற்பாட்டில்தான் தவறு நேர்கிறது.

கல்கத்தா கண்ட பழைய ஏற்பாடு

பயிற்சிக்காக மாணவர்களைக் கடல் கடந்து அனுப்புவது இந்த நகரத்துக்குப் புதிது அல்ல. 1904ஆம் ஆண்டு ஜோகேந்திர சந்திர கோஷ் என்பவரின் முயற்சியால் இங்கே ஒரு சங்கம் அமைந்தது. இந்தியரிடையே விஞ்ஞானக் கல்வியும் தொழிற்கல்வியும் வளர்ப்பது அதன் நோக்கம். நன்கொடை திரட்டி, மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் தொழில் பழக அனுப்பினார்கள். அவ்வாறு சென்ற மாணவர் கூட்டத்தோடு 1906ல் ரவீந்திரநாத் தாகூரின் மகன் ரதீந்திரநாத்தும் கப்பலேறினார். ஜப்பான் வழியாக அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தை அடைந்து விவசாய விஞ்ஞானம் படித்தார்.

பிறகு 1950களின் இறுதியில் துர்காப்பூர், ரூர்கேலா, பிலாய் எஃகு ஆலைகள் எழும்பியபோது நம் இளம் பொறியாளர்கள் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் சோவியத் ரஷ்யாவுக்கும் பயிற்சிக்குப் போனார்கள்.

இந்த இரண்டு காலத்திலும் ஒரு பொது அம்சம் உண்டு. அனுப்பும் பொறுப்பைச் சங்கமோ, அரசோ, ஆலையோ ஏற்றது. எங்கே போவது, என்ன கற்பது, யார் செலவு செய்வது என்பதை விஷயம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே பேசி முடித்தார்கள். இன்று அந்த வேலை முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுந்திருக்கிறது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு வேலைக்கு வந்த என்னைப் போன்றவர்கள், வெளிநாட்டுச் சட்டம் பேசும் கடிதத்தைப் படித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பணத்தைப் புரட்டுவதுதான் ஏற்பாடு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் முதல் ஏற்பாடு, அந்தக் கடிதத்தைப் படிப்பது. பணம் அதற்குப் பிறகுதான்.

'பயிற்சி' என்ற ஒரே சொல்

நல்ல பயிற்சிக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டு. இதை அந்தந்த நாட்டுச் சட்டமே கேட்கிறது. சில உதாரணங்களைப் பார்ப்போம்.

பிரான்சில் மாணவர், கல்லூரி, நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் பயிற்சி கிடையாது. ஓர் இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் பயிற்சி என்று வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்கு நிறுவனம் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். 2014ஆம் ஆண்டுச் சட்டம் இந்த விதிகளை இறுக்கியது.

ஜெர்மனியில் 2015 முதல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அமலில் இருக்கிறது. பாடத்திட்டத்தில் கட்டாயமாக உள்ள பயிற்சிக்கு அது பொருந்தாது. மாணவர் தாமாக விரும்பி மூன்று மாதத்துக்கு மேல் பயிற்சி செய்தால் பொருந்தும். அதனால்தான் கல்லூரி கொடுக்கும் கடிதத்தில் 'கட்டாயம்' என்ற சொல் இருக்கிறதா, இல்லையா என்று ஜெர்மன் நிறுவனங்கள் கவனிக்கின்றன. ஒரே ஒரு சொல், மாதம் பல நூறு யூரோ கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

அமெரிக்காவில் மாணவர் பயிற்சிக்கு உரியது 'ஜே 1' விசா. அந்நாட்டு வெளியுறவுத் துறையின் அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பு 'டி.எஸ். 2019' என்ற படிவத்தைக் கொடுத்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். இதோடு, என்ன கற்பிக்கப்படும், யார் மேற்பார்வை செய்வார் என்று பகுதி பகுதியாக எழுதிய பயிற்சித் திட்டம் ஒன்றும் வேண்டும். அதில் மாணவரும் நிறுவனமும் அனுப்பும் அமைப்பும் கையெழுத்திட வேண்டும். அதிகபட்சக் காலம் 12 மாதம். தேர்ச்சி தேவைப்படாத கூலி வேலையைப் பயிற்சி என்று கொடுக்கக் கூடாது. குமாஸ்தா வேலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. நம் தொழிலை அவர்கள் எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று குமாஸ்தாக்களாகிய நாம் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த விதி நம் பிள்ளைகளுக்கு நல்லதுதான்.

விதி இருந்தும் ஏமாற்றம் நடக்காமல் இல்லை. 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி சாக்லேட்டுகளைப் பெட்டியில் அடுக்கும் கிடங்கில் வெளிநாட்டு மாணவர்கள் வேலையை நிறுத்திப் போராடினார்கள். விடுமுறையில் வேலை செய்து, நாட்டையும் பார்க்கலாம் என்ற திட்டத்தில் அவர்களும் ஜே 1 விசாவிலேயே வந்தவர்கள். வந்த இடத்தில் கிடைத்தது பெட்டி தூக்கும் வேலை. வீட்டு வாடகையும் மற்ற பிடித்தங்களும் போகக் கையில் மிஞ்சியது சொற்பம் என்பது அவர்களுடைய புகார். அதன் பிறகு 2012ல் அமெரிக்க அரசு அந்தத் திட்டத்தின் விதிகளைக் கடுமையாக்கியது.

ஜப்பானின் கதையும் இதைச் சேர்ந்தது. 1993ல் அந்நாடு 'தொழில்நுட்பப் பயிற்சியாளர்' திட்டத்தைத் தொடங்கியது. 2017 அக்டோபரில் இந்தியாவும் அதில் ஒப்பந்தம் செய்துகொண்டது. வளரும் நாட்டு இளைஞருக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது என்பது ஏட்டில் இருந்த நோக்கம். நடைமுறையில் அது ஆள் பற்றாக்குறைக்கு ஆள் சேர்க்கும் வழியாகிவிட்டது என்ற விமர்சனம் ஜப்பானுக்குள்ளேயே எழுந்தது. வந்தவர்கள் முதலாளியை மாற்றிக்கொள்ள முடியாமல் கட்டுண்டு கிடந்தார்கள். முடிவில் 2024 ஜூனில் அந்நாட்டு நாடாளுமன்றம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, வேறொரு திட்டத்தை 2027ல் கொண்டுவரச் சட்டம் இயற்றியது.

ஆகவே 'பயிற்சி' என்ற சொல்லை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. கற்பிப்பவர் யார் என்று கடிதத்தில் தேட வேண்டும். பெயரும் பதவியும் இல்லையென்றால் அது பயிற்சியாக இருக்க வாய்ப்பு குறைவு.

பணம் கட்டாமல் போகும் வழிகள்

வெளிநாட்டுப் பயிற்சி என்றாலே ஏஜெண்டுக்கு லட்சம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. உதவித்தொகை தந்து அழைத்துக்கொள்ளும் திட்டங்களும் உண்டு. ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. அமைப்பு 'வைஸ்' என்ற பெயரில் இந்தியாவின் விஞ்ஞான, பொறியியல் மாணவர்களுக்குக் கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. கனடாவின் 'மைட்டாக்ஸ்' அமைப்பு 2009ல் தொடங்கிய 'குளோபலிங்க்' திட்டம் அங்குள்ள பேராசிரியர்களிடம் 12 வாரப் பயிற்சிக்கு மாணவர்களை அழைக்கிறது. இந்த நகரில் பிறந்த விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸின் பெயராலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களை அனுப்பும் ஒரு திட்டம் நடத்தப்பட்டது. நிறுவனங்களில் தொழில்நுட்பப் பயிற்சி பெற நாடுகளுக்கிடையே மாணவர்களைப் பரிமாறிக்கொள்ளும் 'அயஸ்டே' என்ற அமைப்பு 1948 முதல் இயங்குகிறது.

இவற்றில் இடம் கிடைப்பது எளிது அல்ல. நல்ல மதிப்பெண் வேண்டும், பேராசிரியரின் பரிந்துரை வேண்டும். எந்தக் கல்லூரி மாணவர் விண்ணப்பிக்கலாம் என்பதிலும் நிபந்தனைகள் உண்டு. ஆனால் நம் பிள்ளைகள் பலர் இவற்றை இழப்பது மதிப்பெண் குறைவினால் அல்ல, காலம் தவறுவதால்தான். அடுத்த கோடையில் போவதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களை ஒட்டியே விண்ணப்பம் முடிந்துவிடும். கொல்கத்தாவில் அது என்ன காலம் என்று சொல்ல வேண்டியதில்லை. துர்கா பூஜை வந்தால் கல்லூரி மூடிவிடும். காளி பூஜையும் பாயி போட்டாவும் முடிந்துதான் அலுவலகம் பழையபடி நடக்கும். மதிப்பெண் பட்டியலுக்கு முத்திரை, பிரின்சிபாலின் கையெழுத்து, பேராசிரியரின் கடிதம் எல்லாவற்றையும் ஆகஸ்டு மாதத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மகாளயத்துக்குப் பிறகு ஓடினால் பூட்டிய கதவைத்தான் பார்க்க நேரிடும்.

"டைட்டில் என்ன?"

வெளிமாநிலத் தமிழருக்கென்றே உள்ள சிக்கல் ஒன்று உண்டு. அது பெயர்.

இங்கே பள்ளியில் சேர்க்கும்போது, "டைட்டில் என்ன?" என்று கேட்பார்கள். முகர்ஜி, தாஸ், மண்டல் என்று ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். நமக்கு ஏது டைட்டில்? தகப்பன் பெயரைச் சொல்லிவிட்டு வருவோம். ஒரு வீட்டில் அண்ணன் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர் டைட்டிலாக ஒட்டிக்கொண்டிருக்கும். தங்கைக்கு இனிஷியல் மட்டும் இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து நகராட்சியில் வாங்கிய பிறப்புச் சான்றில் இரண்டும் இருக்காது. ஆதாரில் நான்காவது விதமாக ஒன்று இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் இந்தச் சிக்கலால் கிடைத்த பயிற்சியை ஏறக்குறைய இழந்துவிட்டாள். பயிற்சி தருவதாக வந்த கடிதத்தில் இருந்த பெயரும் மாத்யமிக் அட்மிட் கார்டில் இருந்த பெயரும் ஒத்துப்போகவில்லை. இருவரும் ஒருவரே என்று அபிடவிட் எழுதி, கல்லூரியில் திருத்தம் வாங்கி, அந்த நாட்டிலிருந்து மறு கடிதம் வருவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. விமானத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் விசா கைக்கு வந்தது.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது. அதை விரித்து எழுத வேண்டும். பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். குடும்பப் பெயரைக் காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் கிடைக்கும். தொல்லை பிறகுதான் வரும். அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரே குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய்விடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பெயர் தெரியாது என்று பொருள்படும் மூன்று எழுத்துகள் வந்து உட்கார்ந்துவிடும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு வரும் சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று பிறகு சற்றுத் தளர்த்தியது. பாஸ்போர்ட் விண்ணப்பிக்கும்போதே தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிடுவது பல தொல்லைகளைத் தவிர்க்கும். மற்றச் சான்றுகளையும் அதே எழுத்துகளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரே பதியாமல் விட்டவர்களும் நம்மில் உண்டு. பிறந்து 15 ஆண்டுக்குள் பெயரைச் சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது கடந்தவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்பு அவகாசம் அறிவிப்பதுண்டு. ஊருக்குப் போகும்போது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஒதுக்கும் நாளில் அரை நாளை நகராட்சி அலுவலகத்துக்கும் ஒதுக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய் என்றும், தட்கலுக்கு மேலும் 2,000 ரூபாய் என்றும் பல ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. ஈ.எம். பைபாஸில் ரூபி அருகே உள்ள சேவா கேந்திரத்துக்கு நாள் குறித்துக்கொண்டு போக வேண்டும். பெரிய காத்திருப்பு போலீஸ் விசாரணையில்தான். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தகப்பனாருக்கு மாற்றல் வரப் போகிறது, ஓய்வு வரப் போகிறது என்றால், அந்த முகவரியைக் கொடுத்துவிட்டுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிடக் கூடாது. போலீஸ்காரர் வரும்போது வீட்டில் வேறு குடும்பம் இருந்தால் விண்ணப்பம் தடைப்படும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழின் மதிப்பையும் இங்கே சொல்ல வேண்டும். பத்தாவது தேறியவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இடம்பெறாது. தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடியேற்றப் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு இது. ஆகவே பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு அந்தச் சான்றிதழையும் மறக்காமல் சேர்க்க வேண்டும்.

விசா வாசலில்

ஹோசிமின் சரணியில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகமும், அலிப்பூரில் இருக்கும் ஜெர்மன் துணைத் தூதரகமும் நமக்கு டிராம், பஸ் தூரத்தில் இருக்கின்றன. இது கொல்கத்தாவில் இருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம். ஆனால் தூதரகம் பக்கத்தில் இருப்பதால் விசாவும் பக்கத்தில் இருக்கிறது என்று எண்ணக் கூடாது.

2025 மே 27 அன்று அமெரிக்கா மாணவர், பயிற்சி விசாக்களுக்குப் புதிதாக நேர்காணல் நாள் கொடுப்பதை உலகம் முழுவதும் நிறுத்தியது. ஜூன் 18 அன்று மறுபடி தொடங்கியபோது, விண்ணப்பிப்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எவரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. மூன்று வாரம் என்பது கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். ஜூன் மாதம் பயிற்சியில் சேர வேண்டிய மாணவருக்கு அது முழுக் கோடையையும் விழுங்கப் போதுமானது. டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கியவர்கள் பணத்தையும் இழந்திருப்பார்கள். விசா கைக்கு வந்த பிறகே விமான டிக்கெட் என்பதை வீட்டுச் சட்டமாக வைத்துக்கொள்வது நல்லது.

நேர்காணலில் இரண்டு, மூன்று கேள்விகள்தான் இருக்கும். என்ன பயிற்சி, ஏன் அங்கே, முடிந்ததும் திரும்பி வருவாயா? ஏஜெண்ட் சொல்லிக்கொடுத்த பதிலை ஒப்பித்தால் அதிகாரி கண்டுபிடித்துவிடுவார். தன் பயிற்சித் திட்டத்தைத் தானே படித்துப் புரிந்துகொண்ட மாணவன் தட்டுத் தடுமாறிப் பேசினாலும் நம்பும்படி பேசுவான்.

செலவுக் கணக்கு

பணம் கேட்பதெல்லாம் மோசடி என்று சொல்வதும் சரியல்ல. அரசுக் கட்டணங்கள் உண்டு. 2025ல் அமெரிக்கப் பயிற்சி விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 185 டாலர்; மாணவர் பதிவுக் கட்டணம் 220 டாலர். அங்கீகாரம் பெற்ற அமைப்புகளும் தங்கள் சேவைக்குக் கட்டணம் வாங்குகின்றன. வித்தியாசம் எதில் இருக்கிறது என்றால், அந்தக் கட்டணத்துக்கு வகை வாரியாகப் பட்டியல் இருக்கும், ரசீது இருக்கும், விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பும் என்ற நிபந்தனையும் எழுத்தில் இருக்கும். அமைப்புக்கு அங்கீகாரம் உண்டா என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறையின் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இன்ஷூரன்ஸ் கட்டாயம். அமெரிக்கப் பயிற்சி விசாவுக்கு நோய் அல்லது விபத்து ஒன்றுக்குக் குறைந்தது 1,00,000 டாலர் காப்பீடு வேண்டும் என்பது விதி. இதை வீண் செலவு என்று எண்ணுகிறவர்கள், அங்கே ஒரு கை முறிவுக்கு ஆஸ்பத்திரி போடும் பில்லைக் கேட்டால் மனம் மாறுவார்கள். அடுத்தது, முதல் மாதச் செலவு. உதவித்தொகை பெரும்பாலும் மாதம் முடிந்துதான் கைக்கு வரும். வாடகைக்கு முன்பணம் முதல் நாளே கேட்பார்கள். ஒன்றரை மாதச் செலவுக்குப் பணம் கையோடு போக வேண்டும்.

மேற்கு வங்க அரசு 2021 ஜூன் 30 அன்று தொடங்கிய மாணவர் கடன் அட்டைத் திட்டம் நம்மவர் பலருக்குத் தெரியாது. 10 லட்சம் ரூபாய் வரை, 4 சதவீத வட்டியில் கடன் என்பது அந்த அறிவிப்பு. மாநிலத்தில் 10 ஆண்டு வசித்த குடும்பத்துப் பிள்ளைகள் என்பதே நிபந்தனை. வங்காளியாக இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அது படிப்புக்கான கடன். பயிற்சிச் செலவு அதில் சேருமா என்பதைக் கல்லூரியிலேயே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நகை அடகுக் கடைக்குப் போவதற்கு முன் கல்லூரி அலுவலகத்துக்குப் போவது நஷ்டமில்லாத காரியம்.

யாருடைய பொறுப்பு?

இனி மோசடியைப் பற்றி. 2022ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதியில் அடைத்து, டெலிபோன் மோசடி செய்ய வைத்த கொடுமையை யாரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு செப்டம்பர் 24 அன்று வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் தமிழர் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். எச்சரிக்கைக்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. 2025 மார்ச்சில் விமானப் படை விமானங்கள் இரண்டு நாளில் 549 இந்தியரை அங்கிருந்து அழைத்துவந்தன. படித்தவர்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவர்களைக் குறிவைத்தே வலை விரிக்கப்பட்டது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

இங்கே சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு உண்டு. பயிற்சிக்கு அனுப்புகிறவர் என்ன சொல்கிறார்? "நான் வேலைக்கு அனுப்பவில்லை, கல்விக்கு அனுப்புகிறேன்" என்கிறார். போய்ச் சேர்ந்த இடத்தில் முதலாளி, "இவர் ஊழியர் அல்லர், மாணவர்" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கிறார். இரண்டு பக்கமும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க ஒரே சொல் உதவுகிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவர 2025 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகம் வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. எந்தச் சட்டம் வந்தாலும் பயிற்சி மாணவர்களுக்கும், அவர்களை அனுப்பிப் பணம் பண்ணுகிறவர்களுக்கும் அதில் தெளிவான இடம் இருக்க வேண்டும். நம் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் எழுதி அனுப்ப வேண்டிய கோரிக்கை இது.

போகும் இடத்தின் நிலவரத்தையும் பார்க்க வேண்டும். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில், காசா எல்லைக்கு அருகே ஒரு கூட்டுப் பண்ணையில் நடந்த தாக்குதலில் நேபாள மாணவர்கள் 10 பேர் உயிரிழந்தார்கள். விவசாயக் கல்வி பயிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். கற்றுக்கொண்டே சம்பாதிக்கலாம் என்று போய்ச் சில வாரங்களே ஆகியிருந்தன. பண்ணையின் பெயரைக் கொண்டு அது வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எந்த நாட்டுக்குப் போவதானாலும் வேண்டும். போய் இறங்கியதும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து ஒரு கட்டு வீட்டில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பயிற்சி தரும் நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளக் கேட்டால் கொடுக்கக் கூடாது.

1904ல் ஒரு சங்கம் செய்த வேலையை இன்று ஒரு தனி வீடு செய்வது கடினம். லேக் மார்க்கெட் பக்கத்திலும் கரக்பூரிலும் உள்ள நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவையும் சித்திரைத் திருநாளையும் சிறப்பாக நடத்துகின்றன. ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜூலை மாதத்தில், வெளிநாட்டில் பயிற்சி முடித்து வந்த நம் பிள்ளைகளை அழைத்து, போகப் போகிறவர்களின் காகிதங்களைப் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்யலாம். செலவு ஒரு காப்பிக் கடன்தான்.

மேலே சொன்ன நண்பர், நான் எழுதிக் கொடுத்த கேள்விகளை அந்த ஆபீசுக்கு அனுப்பினார். ஓட்டல் எது, மேற்பார்வை யார், விசா எது, உதவித்தொகை எவ்வளவு என்று நான்கே கேள்விகள். பதில் வரவில்லை. கட்டணத்தைக் கட்டச் சொல்லி இரண்டு முறை டெலிபோன் மட்டும் வந்தது. மிச்சப் பணத்தை அவர் கட்டவில்லை. கொடுத்த 15,000 ரூபாயும் திரும்பவில்லை. ஒரு வாரம் மகன் அப்பாவோடு பேசாமல் இருந்தான். இப்போது இந்த நகரிலேயே ஓர் ஓட்டலில், சமையற்கூடத்தில், பயிற்சி செய்துகொண்டிருக்கிறான். அடுத்த ஆண்டு முறையாக முயற்சி செய்யப் போகிறானாம். முதல் வேலையாக, பத்தாவது சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று தகப்பனாரும் மகனும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். இல்லை. திருத்தத்துக்கு விண்ணப்பம் போட்டாயிற்று.